சேர்த்துவிட்டால் கொமிஷனா, விற்றால் கொமிஷனா?

மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டு வெளியேறி, உறவினர் வீட்டு முன்னறையில் ஒதுங்கியிருந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க நாம் சென்றிருந்தோம். நிவாரண அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பளபளப்பான அட்டைப் பெட்டிகள் பன்னிரண்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சத்து மாத்திரையும், வெளிநாட்டு மூலிகைத் தேநீரும் என்றார் அந்த வீட்டுப் பெண். பதினைந்து வருடம் கொழுந்து பறித்த கை அவருடையது. அந்தக் கையில் வெளிநாட்டுத் தேநீர்ப் பெட்டி இருந்ததைப் பார்த்து எமக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“இதெல்லாம் யார் வாங்குறாங்க?” என்று கேட்டோம்.

“யாரும் வாங்கலைங்க மிஸ். நான்தான் வாங்கினேன். விக்கிறது முக்கியமில்லையாம். ஆள் சேத்துவிட்டா போதுமாம்.”

நட்டஈடாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அந்தப் பெட்டிகளுக்குள் போய்விட்டது. யாரைச் சேர்த்தீர்கள் என்று கேட்டபோது, தங்கச்சியையும் நாத்தனாரையும் என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வீடுதான். கையில் நிலம் இல்லாதபோது வேறு வருமானம் தேடுவதில் தவறு எதுவும் இல்லை. பிறருடைய பொருளை விற்றுக் கொடுத்துக் கொமிஷன் பெறுவதும் நேர்மையான தொழில்தான். ஆனால் அதே கொமிஷன் என்ற சொல்லைப் போர்த்திக்கொண்டு வேறொன்றும் எமது தோட்டங்களுக்குள் வருகிறது. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி என்பதே இங்கு நாம் பேச விரும்புவது.

ஊவாவில் இடம்பெயர்வு புதிய செய்தியல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியது. அதே ஆண்டு இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் பீறிடத் தொடங்கியதும், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, மரக்கறி செய்தவர்கள் தண்ணீரின்றித் தவித்தனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தின் பல மலைகளைச் சரித்துப் போட்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் பாடசாலைகளிலும் கோவில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள்.

இவ்வாறு தங்கியிருக்கும் குடும்பத்தைத் தேடி ஆள் சேர்ப்பவர் ஏன் வருகிறார் என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. வழக்கமாக நாட்கூலியில் வாழும் குடும்பத்தின் கையில் முதன்முறையாக ஒரு மொத்தத் தொகை இருக்கிறது. கொத்துவதற்கு நிலம் இல்லை, பகற்பொழுது நீளமாக இருக்கிறது. பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கிறது. உறவினர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் சிதறியிருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்தால் இருபது பேரின் தொலைபேசி இலக்கம் கிடைக்கும். இவை அனைத்தும் அவருக்குத் தெரியும்.

எமக்குத் தெரிந்த கொமிஷன்

கொமிஷன் எமக்குப் புதிதா? வெலிமடைப் பக்கத்துக் கமக்காரர் போஞ்சியையும் உருளைக்கிழங்கையும் கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திற்கு ஏற்றிச் செல்கிறார். அங்கே கடைக்காரர் விற்றுக் கொடுத்து, தனது கொமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். நிறையில் குறை, விலையில் குறை என்று அவருடன் நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆனால் அவர் ஒரு நாளும், “நீங்க இன்னும் அஞ்சு கமக்காரர கூட்டிட்டு வந்தாத்தான் உங்க போஞ்சிக்குக் காசு” என்று சொன்னதில்லை. அவர் எடுக்கும் பணம் எங்கோ கொழும்பில் போஞ்சி வாங்கிச் சமைப்பவரின் கையிலிருந்து வருகிறது.

பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு விற்பவருக்கும் சீட்டுக்கு இவ்வளவு என்று கொமிஷன் உண்டு. தொலைபேசிக்கு ரீலோட் போடும் சில்லறைக் கடைக்காரருக்கும் உண்டு. காப்புறுதி முகவருக்கும் உண்டு. காப்புறுதி முகவராவதற்கு ஒரு பரீட்சையும் பதிவும் இருக்கின்றன. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதைக் கவனிக்கிறது. இவர்கள் எல்லாரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பொருளை அல்லது சேவையைப் பயன்படுத்த விரும்பும் ஒருவர் வெளியில் இருக்கிறார். அவர் பணம் கொடுக்கிறார். அதில் ஒரு பங்கு விற்றவருக்கு வருகிறது. வாங்கியவர் தானும் விற்பனையாளராக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு பெட்டிகளில் இதுதான் இல்லை. அவற்றை வாங்கியவர் அனைவரும் விற்க வந்தவர்கள். பருக வந்தவர் ஒருவரும் இல்லை.

தலைக்காசு

ஆள் சேர்ப்பதற்குக் காசு என்ற ஏற்பாட்டையும் மலையகம் ஏற்கனவே கண்டிருக்கிறது. எமது பாட்டன் பூட்டன் காலத்தில் பெரிய கங்காணி தமிழகத்துக் கிராமங்களுக்குப் போய், பெரும்பாலும் தனது சொந்தக்காரரையும் ஊர்க்காரரையும்தான் திரட்டினார். அவர் திரட்டிய ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்துரை அவருக்குக் கொடுத்தது தலைக்காசு. சில்லறைக் கங்காணிகளுக்கும் தமது கூட்டத்தின் தலைக்கணக்கில் பங்கு இருந்தது. வழிச்செலவும் முற்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அந்தக் கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்திற்கு மாற முடியாது. துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

உறவின் நம்பிக்கையைப் பிடித்து ஆள் சேர்ப்பது, மேலே இருப்பவருக்குக் கீழே உள்ள தலைகளின் எண்ணிக்கையில் வருமானம், கீழே வருபவர் கடனோடு தொடங்குவது: இந்த மூன்றும் இன்றைய திட்டங்களில் அப்படியே இருக்கின்றன. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். கங்காணி முறை கொடுமையானதுதான். ஆனாலும் அங்கே தேயிலை என்று ஒரு பொருள் விளைந்தது, லண்டனில் விற்றது, பணம் வெளியிலிருந்து வந்தது. இன்றைய திட்டத்தில் அதுவும் இல்லை. புதிதாகச் சேரும் தலையிடமிருந்தே பழைய தலைக்குக் காசு போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேர்வதற்கு 54,000 ரூபாய்க்குப் பொருள் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் இது 40 நாள் உழைப்பு. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொருவரின் பணத்திலும் நூற்றுக்கு 20 உங்களுக்கு என்கிறார்கள். அதாவது 10,800 ரூபாய். போட்ட பணத்தை எடுக்கவே ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஐந்து பேரும் கட்டியது 2,70,000 ரூபாய். அதில் 54,000 உங்களிடம் வந்தது, மீதி 2,16,000 மேலே போய்விட்டது. நீங்கள் இப்போது சமன். உங்கள் அண்ணன், சித்தி, பக்கத்துக் காம்பராக்காரர் என்று ஐந்து குடும்பங்கள் நட்டத்தில். அவர்கள் நட்டத்திலிருந்து மீள வேண்டுமானால் ஆளுக்கு ஐந்து பேர் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் 5 பேர் 25 ஆவர். பிறகு 125, 625, 3,125, 15,625, 78,125 என்று ஏறி, எட்டாவது படியில் 3,90,625 பேர் வேண்டும். ஒன்பதாவது படிக்கு 19 இலட்சத்து 53 ஆயிரத்து 125 பேர். பதுளை, மொனராகலை இரண்டும் சேர்ந்த ஊவா மாகாணத்தில் 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கைக்குழந்தைகளையும் சேர்த்து இருந்தவர்கள் ஏறத்தாழ 12 இலட்சத்து 66 ஆயிரம் பேர்தான்.

எட்டாவது படியோடு நின்றால், சேர்ந்தவர் மொத்தம் 4,88,281 பேர். அவர்களில் கடைசிப் படியில் நிற்கும் 3,90,625 பேருக்குக் கீழே யாரும் இல்லை. ஐந்து பேரில் நால்வர். அவர்கள் சோம்பேறிகள் என்பதனால் தோற்கவில்லை. கூட்டம் நடத்துபவர் மேடையில் நின்று, “உழைத்தவன் வென்றான், உழைக்காதவன் தோற்றான்” என்று சொல்வார். சேர்ப்பதற்கு ஆள் இல்லாமற்போனால் எவ்வளவு உழைத்தும் பயனில்லை. எத்தனையாவது படியில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதை அவர் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது

1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 2005 இல் 83இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் சாரம் எளிமையானது. ஒரு திட்டத்தில் பங்குபற்றுபவர் பணமோ பணப்பெறுமதியோ கொடுக்க வேண்டியிருந்து, அவருக்குக் கிடைக்கும் இலாபம் பெரும்பாலும் ஆட்கள் கூடுவதிலோ அவர்கள் போடும் பணம் கூடுவதிலோ தங்கியிருந்தால், அது தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம். பொருள் ஒன்று கைமாறுகிறது என்பதனால் மட்டும் அது தப்பிவிடாது. பெட்டியில் மாத்திரை இருக்கிறதா, கைக்கடிகாரம் இருக்கிறதா, தொலைபேசிச் செயலி இருக்கிறதா என்பது பிரதான கேள்வியல்ல.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். தொடங்குவது, நடத்துவது, பணம் போடுவது மட்டுமன்றி, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் அதே பிரிவில் குற்றம். தண்டப்பணமும் சிறையும் உண்டு. சித்தி வீட்டு முன்னறையில் பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைப்பவர், “நான் சும்மா அறிமுகம்தான் செஞ்சேன்” என்று சொல்லித் தப்பலாம் என எண்ணக்கூடாது.

கம்பனி பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். எமது மக்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான் என்பது எமது அபிப்பிராயம். கம்பனிப் பதிவு யாரும் பெறக்கூடியது. பிறப்புச் சான்றிதழ் ஒருவர் பிறந்தார் என்பதைக் காட்டுமே தவிர, அவர் நல்லவர் என்பதைக் காட்டாதல்லவா? வரி இலக்கமும் அப்படியே. பிரமிட் திட்டம் நடத்துவதற்கு மத்திய வங்கி யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது.

மத்திய வங்கி விசாரித்துத் தடைசெய்யப்பட்ட திட்டம் நடத்தியதாகத் தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டு வருகிறது. எம்.டி.எஃப்.இ., ஒன்மேக்ஸ் டி.டி., ஸ்போர்ட் செயின் ஆகிய பெயர்கள் அதில் இடம்பெற்றவை. எம்.டி.எஃப்.இ. தொலைபேசிச் செயலி மூலம் நடந்தது. வெளிநாட்டு நாணய வியாபாரத்தில் கணினியே இலாபம் தேடித் தரும் என்றார்கள். இலங்கையிலும் பங்களாதேஷிலும் பெருந்தொகையானோர் சேர்ந்தனர். ஆள் சேர்த்தவர்களுக்குப் பெரிய பதவிப் பெயர்கள் கொடுத்தார்கள். 2023 ஓகஸ்டில் பணம் எடுக்க முடியாமற்போனது. பின்னர் கணக்கைத் திறந்து பார்த்தவர்களுக்கு, இருந்த பணம் போய், தாங்களே கம்பனிக்குக் கடன்பட்டிருப்பதாகக் காட்டியது. துண்டு நினைவுக்கு வருகிறதா?

பட்டியலில் பெயர் இல்லை என்பது நல்ல திட்டம் என்பதற்குச் சாட்சியல்ல. பெயரை மாற்றிக்கொண்டு வருவது இவர்களுக்கு ஒரு நாள் வேலை.

கமக்காரருக்கென்றே செய்யப்பட்ட பொறிகளும் உண்டு. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை என்ற நிறுவனம், பணம் கட்டினால் ஈமுக் குஞ்சும் தீவனமும் மாதந்தோறும் ஒரு தொகையும் தருவதாகச் சொன்னது. விவசாயிகள் கொட்டகை போட்டுக் குஞ்சு வளர்த்தார்கள். ஆரம்பத்தில் பணம் ஒழுங்காக வந்தது. வந்த பணம் ஈமு இறைச்சி விற்று வந்ததல்ல, அடுத்து வந்த விவசாயி கட்டியது. 2012 ஓகஸ்டில் எல்லாம் சரிந்தது, பசித்த பறவைகளுக்குத் தீவனம் போடவும் வழியில்லாமற்போனது. குஞ்சு உண்மை, கொட்டகை உண்மை, உழைப்பும் உண்மை. வாங்குபவர் மட்டும் இல்லை.

தொலைபேசியில் வரும் நல்லதும் கெட்டதும்

பிள்ளைகள் இப்போது எம்மிடம் கேட்பது வேறு. “ஒன்லைன்ல லிங்க் அனுப்பினா கொமிஷன் வருதாம், அது நல்லதா?” என்கிறார்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாது.

உண்மையான இணைப்புக் கொமிஷன் திட்டம் இவ்வாறு இயங்குகிறது. இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கடை உங்களுக்கென்று ஓர் அடையாள இலக்கம் பொதிந்த இணைப்பைத் தருகிறது. அந்த இணைப்பைத் தொட்டு யாராவது கடைக்குள் சென்று பொருள் வாங்கினால், விலையில் சிறு வீதம் உங்களுக்கு. அமேசான் 1996 இலிருந்து இதைச் செய்கிறது. சேருவதற்குக் கட்டணம் இல்லை. இலங்கையில் இயங்கும் டராஸ் போன்ற கடைகளுக்கும் இவ்வகைத் திட்டம் உண்டு. இங்கே பணம் வாங்குபவரிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து உங்களுக்கும் வருகிறது. கெப்பட்டிபொல கடைக்காரரின் கொமிஷனும் இதுவும் ஒரே சாதி.

ஆனால் இதில் கிடைப்பது கொஞ்சம். அமேசானின் இணைப்பைத் தொட்டவர் பொதுவாக 24 மணி நேரத்திற்குள் வாங்கினால்தான் கணக்கு. 2020 ஏப்ரலில் அந்தக் கம்பனி வீட்டுத் தளபாடங்களுக்கான கொமிஷனை நூற்றுக்கு 8 இலிருந்து 3 ஆகவும், பலசரக்குக்கு 5 இலிருந்து 1 ஆகவும் ஒரேயடியாகக் குறைத்தது. நேர்மையான திட்டமும் உங்களைக் கேட்காமல் விதியை மாற்றும். ஆகவே ஆயிரக்கணக்கானோர் படிக்கும் அல்லது பார்க்கும் ஏதாவது ஒன்றை நீங்கள் உருவாக்கி வைத்திராவிட்டால், இதை நம்பிக் கடன் வாங்கவோ வேலையை விடவோ வேண்டாம். எதுவும் போடாமல் தொடங்கி, வருவதைப் பார்க்கலாம். அந்தளவே நாம் சொல்லக்கூடியது.

பெரிய கடைகளின் பெயரை வைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னொரு வகை. வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி வரும். படத்திற்கு லைக் போடுங்கள், பொருளுக்கு நட்சத்திரம் போடுங்கள், நாளுக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையாகவே வங்கிக்கு வரும். அது தூண்டிலில் குத்திய புழு. பிறகு, அதிகக் கொமிஷனுக்கு முதலில் ஒரு தொகை வைப்பிலிடச் சொல்வார்கள். அதை எடுக்க இன்னொரு தொகை கேட்பார்கள். எந்த நேர்மையான கடையும் தனக்காக விற்றுக் கொடுப்பவரிடம் வைப்புப்பணம் கேட்பதில்லை.

சேருவதற்கு முன்

யாராவது ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால், கோபப்பட்டுத் துரத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் வருபவர் உங்கள் மச்சானாகவோ, கூடப் படித்தவராகவோ இருப்பார். அவரும் ஏமாந்து வந்திருக்கலாம். தேநீர் கொடுத்து உட்காரவைத்துக் கேளுங்கள். முதற் கேள்வி: “இனிமே ஒரு ஆளும் புதுசா சேரலைன்னா, எனக்கு மாசம் எவ்வளவு வரும்?” இந்த ஒரு கேள்விக்கு அவர் தடுமாறினால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை. பொருள் விற்று இவ்வளவு வரும் என்று சொன்னால், சென்ற மாதம் அவரிடம் பொருள் வாங்கி, ஆனால் திட்டத்தில் சேராத ஐந்து பேரின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அதே பொருள் பதுளை நகரத்துக் கடையில் என்ன விலை, இந்த விலைக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் பாவிப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

விற்காத பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்குமா என்பது அடுத்த முக்கியமான விடயம். இதற்கு வெளிநாட்டில் ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஆம்வே கம்பனி மீதான வழக்கில் 1979 இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு தீர்ப்புச் சொன்னபோது, அது பிரமிட் திட்டம் அல்ல என்று கருதியதற்கு மூன்று விதிகளைக் காரணம் காட்டியது. விற்காத பொருளைத் திருப்பி எடுத்தல், வாங்கிய பொருளில் நூற்றுக்கு 70 பங்கையாவது மாதந்தோறும் விற்றாக வேண்டும் என்பது, மாதம் பத்து வெளி வாடிக்கையாளருக்காவது விற்க வேண்டும் என்பது. ஆம்வே நல்லது, சேருங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த மூன்று விதிகளும் ஒரே விடயத்தையே தேடுகின்றன என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம். வெளியில் இருந்து உண்மையாக வாங்குபவர் உண்டா?

திருப்பி எடுப்போம் என்று வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். எமது பெண்கள் கையொப்பமிட்ட படிவங்கள் பல அவர்களால் வாசிக்க முடியாத மொழியில் இருந்ததை நாம் கண்டிருக்கிறோம். பணத்தை யாருடைய கணக்கில் போடச் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். கம்பனியின் பெயரில் இல்லாமல் ஒரு தனிமனிதரின் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். “இன்னைக்கு ராத்திரிக்குள்ள சேந்தாத்தான் இந்த இடம்” என்று அவசரப்படுத்தினால், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுங்கள். நல்ல வியாபாரம் நாளைக்கும் இருக்கும்.

பிறகு 1935 என்ற இலக்கத்துக்கு ஓர் அழைப்பு. அது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புப் பிரிவு. திட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பொருளின் தரம், விலை பற்றிய முறைப்பாடு என்றால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977. கூச்சமாக இருந்தால் படித்த பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள், அல்லது தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரிடம் உதவி கேளுங்கள்.

ஏற்கனவே சேர்ந்திருந்தால்

முதலில், இன்னொரு ஆளைச் சேர்ப்பதை இன்றே நிறுத்துங்கள். போட்ட பணத்தை எடுப்பதற்காக இன்னும் இருவரைச் சேர்த்துவிட்டு விலகுவோம் என்று நினைப்பது மிக இயல்பானது. அந்தப் பெண்ணும் அப்படித்தான் நாத்தனாரைச் சேர்த்தார். ஆனால் உங்கள் நட்டம் அப்போது தீர்வதில்லை, நாத்தனார் வீட்டுக்கு இடம் மாறுகிறது. சட்டத்தின் முன் உங்கள் நிலையும் மோசமாகிறது.

அடுத்து, எதையும் வீசாதீர்கள், அழிக்காதீர்கள். வங்கிச் சீட்டு, பற்றுச்சீட்டு, கூட்டத்தில் கொடுத்த கைநூல், வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், பெட்டிகள் எல்லாம் சாட்சியம். கோபத்தில் தொலைபேசியிலிருந்து குழுவை அழித்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு உதவுவது கடினமாகிறது. பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தரும்படி கம்பனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்தப் பிரதி பயன்படும்.

முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கலாம், மத்திய வங்கிக்கும் எழுதலாம். தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. தனியாகப் போவதைவிட, ஒரே திட்டத்தில் ஏமாந்த நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, பெயர், திகதி, தொகை ஆகியவற்றை ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போவது நல்லது. பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். பெரும்பாலும் அது ஏற்கனவே மேற்படிகளில் பங்கு போடப்பட்டிருக்கும். ஆனால் முறைப்பாடு இல்லாமல் விசாரணை இல்லை. விசாரணை இல்லாவிட்டால் அதே ஆள் அடுத்த மாதம் பசறைக்கோ லுணுகலைக்கோ போவார்.

முறைப்பாடு செய்யாமல் இருப்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் பயமல்ல, வெட்கம். “தங்கச்சி முகத்தில எப்படி முழிக்கிறது?” என்று அந்தப் பெண் கேட்டார். அவருடைய கணவரும் நாமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குச் சென்றோம். தங்கச்சியின் வீட்டிலும் பெட்டிகள் இருந்தன, ஏழு. இருவரும் நிறைய நேரம் பேசவில்லை. பிறகு தங்கச்சி உள்ளே போய், தனது பற்றுச்சீட்டுக்கள் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தார். இரண்டு குடும்பங்களின் பெயரும் இப்போது ஒரே தாளில் இருக்கின்றன. நாத்தனாரின் பெயருக்கு அடுத்த வரி விடப்பட்டிருக்கிறது.